பாட்டு நிற்கிற இடம்

காசிநாதனுக்குப் படிப்பு அதிகம். கல்லூரியில் இசை சொல்லித்தருகிறவர், நாற்பது வயதில் பியாட்ரிஸ் டீச்சரிடம் சிஷ்யனாக வந்து சேர்ந்தார். டீச்சர் அவரைவிட இரண்டு வயது இளையவர். கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு கடற்கரை ஊர்களில் பாட்டு தேடுவதும், தேடியதை ஆராய்ந்து எழுதுவதும்தான் டீச்சருக்கு வேலை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் திருவிழா. கரைவலை இழுக்கிற சந்தியாகு மேடையில் பாட, காசிநாதன் கிட்டார் வாசிப்பதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை ஒத்திகையில் சந்தியாகு பாதியில் எழுந்துவிட்டார்.

"இவருகூட நான் பாடமாட்டேன் டீச்சர். வேற ஆளப் பாருங்க."

போயே போய்விட்டார். காசிநாதனுக்கு முகம் தொங்கிப்போயிற்று. முதல் மேடை. ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார், பாவம்.

"நான் என்ன தப்பு செஞ்சேன் டீச்சர்? ஒவ்வொரு அடி முடிஞ்சதும் அவரு தாளத்துல ரெண்டு தட்டு சும்மா விட்டுடறாரு. வயசாச்சு, கணக்கு தப்புதுன்னு நான்தான் கிட்டார்ல அழகா நிரப்பிக் கொடுத்தேன். இந்தப் பாட்டப் பத்தின என் கட்டுரையிலகூட அப்படித்தான் எழுதியிருக்கேன்."

கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லி டீச்சருக்குப் பழக்கமில்லை.

"காலையில கரைக்கு வாங்க. கிட்டார் வேண்டாம்."

மறுநாள் கரையில் முப்பது பேர் வலைக்கயிற்றைப் பிடித்து நின்றார்கள். டீச்சர் காசிநாதனையும் நடுவில் நிறுத்தினார். சந்தியாகு அவரைத் திரும்பியும் பார்க்காமல் பாட்டை எடுத்தார்.

காசிநாதன் பாட்டோடு சேர்ந்து மாங்கு மாங்கென்று இழுத்தார். அடி முடிந்து பாட்டு நின்றது. அப்போதுதான் முப்பது பேரும் இழுத்தார்கள். கயிறு அவர் உள்ளங்கையை உரித்துக்கொண்டு போயிற்று.

பின்னால் நின்றவர் சிரித்தார். "பாடும்போது மூச்சு வாங்கணும்ணே. நின்னாத்தான் இழுக்கணும்."

நாலைந்து அடியில் காசிநாதனுக்குப் பிடிபட்டது. வலை கரையேறியதும் சந்தியாகு வந்து அவர் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"தேங்காயெண்ணெய் தடவுங்க. நாளைக்கு வாசிக்கணும்லா."

காசிநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் படித்தவர் அல்லவா, ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது.

"டீச்சர், பாட்டு நிக்கிற அந்த இடத்துல நான் என்ன வாசிக்கட்டும்?"

"இன்னிக்கு அந்த இடத்துல என்ன செஞ்சீங்க?"

"இழுத்தேன்."

"நாளைக்கு மேடைக்கு முன்னால இந்த முப்பது பேரும்தான் உட்கார்ந்திருப்பாங்க. அவங்கள இழுக்க விடுங்க."