மூன்றாம் கியரின் வேலை

குடியாத்தத்தில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ரெஜினாவை ஊரே மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். தணிகாசலம் மட்டும் 'ஏம்மா' என்பார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. முப்பத்திரண்டு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். அறுபத்தொரு வயதில், தன்னைவிட இருபது வயது சின்னப் பெண்ணிடம் கிளச்சை மிதி, கிளச்சை விடு என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது லேசில்லை. அந்த ஒரு 'ஏம்மா'வில்தான் தன் கௌரவம் மொத்தத்தையும் பிடித்து வைத்திருந்தார்.

கற்றுக்கொள்ள வந்த காரணம் என்னவோ நல்ல காரணம்தான். மனைவி மங்கைக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. வாரத்துக்கு இரண்டு நாள் பிசியோதெரபிக்கு வேலூர் போக வேண்டும். பஸ் படியில் ஏறும்போது அவள் பல்லைக் கடித்துக்கொள்வதை ஒருநாள் பார்த்துவிட்டார். அடுத்த வாரமே வாசலில் ஒரு பழைய கார் வந்து நின்றது.

"உங்களுக்கு ஓட்டத் தெரியாதேங்க?" என்றாள் மங்கை.

"வந்துடுச்சு இல்ல, தெரிஞ்சுடும்."

ஆள் அப்படி. மூன்றாம் வகுப்பிலிருந்து நேராக ஐந்தாம் வகுப்புக்குத் தூக்கிப் போடப்பட்டவர். புதிதாக யாரைச் சந்தித்தாலும் பத்து நிமிஷத்துக்குள் அந்த டபுள் புரமோஷன் பேச்சில் வந்துவிடும். மகள் கல்யாணத்தைப் பதினோரே நாளில் நடத்தி முடித்தவர். "ஒத்தை ஆளா நின்னு முடிச்சேன்" என்பார். அந்தப் பதினோரு நாளும் மங்கை எங்கே நின்றாள் என்று யாரும் கேட்டதில்லை. ஆனால் பரீட்சைத் தாளில் மட்டும், ஸ்டெப் போடாமல் நேராக விடை எழுதிய பிள்ளைக்கு மார்க்கில் கை வைத்துவிடுவார்.

ரெஜினா அவருக்கு வரிசையாகத்தான் சொல்லிக்கொடுத்தார். ஏறும்போது ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. இறங்கும்போதும் நான்கு, மூன்று, இரண்டு. பத்து நாள் அப்படியே போனது. பதினோராம் நாள் வாத்தியாருக்குச் சலித்துவிட்டது.

"ஏம்மா, நாலுலேருந்து நேரா ரெண்டுக்குப் போட்டா என்ன?"

"போடலாம் சார்."

"அப்புறம் எதுக்கு நடுவுல மூணு?"

எதிரே ஒரு டிராக்டர் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது. ரெஜினா அதைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தணிகாசலம் நான்கிலிருந்து இரண்டுக்கு இழுத்துப் போட்டுவிட்டுக் கிளச்சிலிருந்து காலை வெடுக்கென்று எடுத்தார்.

வண்டி குலுங்கவில்லை. அலுங்காமல் வேகம் குறைந்து, டிராக்டருக்கு வழிவிட்டு, மெல்ல ஊர்ந்தது.

"பாத்தியாம்மா?" என்றார் தணிகாசலம். முகமெல்லாம் பல்.

ரெஜினா அவர் முகத்தைப் பார்த்தார். எடுத்த வாயை மூடிக்கொண்டார்.

அன்றிலிருந்து அவருக்கு மூன்றாம் கியர் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று. லைசென்ஸும் வந்தது. கடைசி நாள் எல்லோரும் மாஸ்டருக்கு இனிப்பு வாங்கிக்கொடுப்பது அங்கே வழக்கம். தணிகாசலமும் ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கிவந்து நீட்டினார்.

"நீ சும்மாதான் உக்காந்திருந்த. இருந்தாலும் முறைன்னு ஒண்ணு இருக்கு இல்லையா?"

ரெஜினா சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொந்தத்தில் ஒரு கிரகப்பிரவேசம். முன் சீட்டில் மங்கை. மடியில் பழமும் வேட்டி புடவையும் வைத்த சீர்த்தட்டு. தட்டு இடித்ததால் பெல்ட் போடவில்லை. பின் சீட்டில் அவள் தம்பி கோதண்டம். புறப்பட்டதிலிருந்து தணிகாசலம் அவனுக்குக் கியர் பாடம் நடத்திக்கொண்டே வந்தார்.

ரயில்வே மேம்பாலத்தில் இறங்கும்போது நான்காம் கியரில் நல்ல வேகம். கீழே ஒரு பஸ் நின்று ஆள் இறக்கிக்கொண்டிருந்தது.

"கோதண்டம், இப்ப பாரு."

இரண்டுக்கு இழுத்தார். காலை வெடுக்கென்று எடுத்தார்.

இஞ்சின் அலறியது. யாரோ முன்னாலிருந்து பிடித்துத் தள்ளியதுபோல் கார் வெட்டி உதறியது. பயத்தில் பிரேக்கில் ஏறி நின்றார். வண்டி அணைந்து நடுரோட்டில் நின்றது. ஆப்பிள்கள் காலடியில் உருண்டன. மங்கையின் நெற்றி டேஷ்போர்டில் மோதி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியது.

வலிக்கிறதா என்று கேட்டிருக்க வேண்டும். அவருக்கு வாயில் வந்தது வேறு.

"தட்டை மடியில வெச்சிக்கிட்டு பெல்ட் போடாம உக்காந்தா இப்படித்தான்!"

மங்கை முந்தானையால் நெற்றியை அழுத்திக்கொண்டு, குனிந்து ஒவ்வொரு ஆப்பிளாகப் பொறுக்கினாள். கோதண்டம் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

விசேஷ வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். நெற்றியில் என்ன, நெற்றியில் என்ன என்று. மங்கை சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"கார் கதவுல இடிச்சுக்கிட்டேன். வயசாச்சு இல்ல, கண்ணு எங்க தெரியுது?"

பக்கத்தில் தணிகாசலம் நின்றுகொண்டிருந்தார். பேசாமல் நின்றிருந்தாலாவது தேவலை. எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, சிரித்தபடி ஒன்று சொன்னார்.

பந்தியில் அவரால் ஒரு வாய்கூட இறக்க முடியவில்லை. கோதண்டம் எதிர் வரிசையில் உட்கார்ந்து, இலையைவிட்டுத் தலையைத் தூக்காமல் சாப்பிட்டான். அவன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தணிகாசலத்துக்குத் தோன்றியது.

அதற்குப் பிறகு கார் உறையைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. செவ்வாய்க்கிழமை பிசியோதெரபிக்கு நேரமானதும் மங்கை செருப்பை மாட்டினாள்.

"நீங்க சிரமப்படாதீங்க. நான் பஸ்லயே போயிட்டு வந்துடறேன்."

அவர் வாசல்வரை வந்து நின்றார். தெருமுனை வரைக்கும் அவள் மெதுவாக, சுவரைப் பிடித்துப் பிடித்துப் போனாள். சாவி அவர் கையில்தான் இருந்தது. கூப்பிடவில்லை. கூப்பிட்டு, அவள் ஏறத் தயங்கினால் என்ன செய்வது?

இப்படி இரண்டு வாரம் போனது.

ஒரு காலை நேரம் அவர் பயிற்சி மைதானத்துக்குப் போனார். ரெஜினா அங்கே பர்வீன் என்ற நர்ஸுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். தணிகாசலத்தைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி வந்தார்.

"வாங்க சார். மார்க்கெட்ல அம்மாவைப் பாத்தேன். கதவுல இடிச்சுக்கிட்டாங்களாமே?"

தணிகாசலம் தரையைப் பார்த்தார்.

"உன்கிட்டயும் அப்படித்தான் சொன்னாளா?"

"ஆமா சார்."

"கதவு இல்ல. நான்தான்."

பாலத்தில் நடந்ததைச் சொன்னார். நாலு, ரெண்டு, அலறல், ஆப்பிள் எல்லாம் சொன்னார். விசேஷ வீட்டில் தான் சொன்னதை மட்டும் சொல்லவில்லை.

"இந்த வண்டியில ஒரு தடவைகூடக் குலுங்கலையே. என் வண்டியில என்ன கோளாறு?"

ரெஜினா பயிற்சிக் காரின் இடது கதவைத் திறந்தார்.

"ஒரு ரவுண்டு என் சீட்ல உக்காருங்க சார். பர்வீன் ஓட்டட்டும். கீழ கிளச்சும் பிரேக்கும் இருக்கு, கால் வெச்சுக்குங்க. நான் பின்னாடி உக்காந்துக்கறேன். காலி மைதானம்தான், பயமில்ல."

அந்தப் பக்கமும் பெடல் இருப்பது அவருக்குத் தெரியும். முதல் இரண்டு நாளோடு அதன் வேலை முடிந்ததென்று நினைத்திருந்தார்.

பர்வீன் நன்றாகத்தான் ஓட்டினாள். மூன்றாம் கியரில் மைதானத்தின் கோடிவரை வந்தாள். சுவர் நெருங்கியதும் பதறிப்போய் மூன்றிலிருந்து ஒன்றுக்குத் தள்ளிவிட்டுக் கிளச்சிலிருந்து காலை எடுத்தாள்.

தணிகாசலம் யோசிக்கவே இல்லை. அவர் கால் தானாகப் போய்க் கிளச்சை அழுத்திப் பிடித்தது. இன்னொரு கால் பிரேக்கை மெல்ல மிதித்தது. வண்டி அலுங்காமல் வேகம் குறைந்து, சுவருக்கு முன்னால் ஊர்ந்தது. அப்புறம்தான் கிளச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்.

"சார், பாத்தீங்களா? குலுங்கவே இல்ல!" என்றாள் பர்வீன்.

முகமெல்லாம் பல்.

தணிகாசலத்துக்குக் காது வரை சூடேறியது. டிராக்டர் கடந்த அன்றைக்குத் தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று இப்போது தெரிந்தது. மைசூர்பாகு ஞாபகம் வந்தது. அதை நீட்டிக்கொண்டு சொன்ன வார்த்தையும் வந்தது. கதவைத் திறந்து இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது.

"நல்லா ஓட்டினம்மா" என்று சொல்லிவிட்டால் அந்தப் பெண் வீடு வரை சந்தோஷமாகப் போவாள். சொல்வதும் சுலபம்.

"இல்லம்மா பர்வீன். நீ மூணுலேருந்து ஒண்ணுக்குப் போட்டுட்ட. கிளச்சு என் கால்ல இருந்தது. பிரேக்கும் நான்தான்."

பர்வீனின் முகம் விழுந்துவிட்டது. ஸ்டியரிங்கை மறுபடி பிடித்தாள்.

"அப்ப நான் திரும்ப ஒரு தடவை வரேன் சார். நீங்க மிதிக்காதீங்க. மெதுவாவே வரேன்."

வந்தாள். இந்த முறை பிரேக்கை மிதித்து, வேகம் நன்றாகக் குறைந்த பிறகு கியரைத் தொட்டாள். கொஞ்சம் குலுங்கியது. ஆனால் அது அவளுடைய குலுக்கல்.

அவளுக்கு டியூட்டிக்கு நேரமாயிற்று. சொல்லிக்கொண்டு போனாள். தணிகாசலம் மாஸ்டர் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். ரெஜினா முன்னால் வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார்.

"அன்னிக்கே உங்ககிட்ட சொல்லியிருக்கணும் சார். நீங்க அவ்ளோ சந்தோஷமா இருந்தீங்க. எனக்கு வாய் வரல. அப்புறம் அதுவே பழக்கமாப் போச்சு, தினம் உங்களுக்காக நானே மிதிச்சேன். பர்வீன்கிட்ட நீங்க சொன்னதை நான் உங்ககிட்ட சொல்லல. அம்மா நெத்தி வீங்கினதுல எனக்கும் பங்கு இருக்கு."

தணிகாசலம் கியர் கம்பியைப் பார்த்தார்.

"அப்ப நாலுலேருந்து ரெண்டுக்குப் போகவே கூடாதா, மாஸ்டர்?"

அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து அன்றைக்குத்தான் முதல்முறையாக வந்தது. ரெஜினா அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"தாராளமா போகலாம் சார். நானே போறேன். மூணைத் தாண்டலாம். மூணோட வேலையைத்தான் தாண்ட முடியாது. வேகத்தைக் குறைக்கிற வேலை அது. யாராவது செஞ்சாகணும். பிரேக்கை மிதிச்சு நீங்களே செய்யலாம். நீங்க செய்யலன்னா இஞ்சின் கத்திக்கிட்டே செய்யும்."

"கத்தாமயும் செய்வாங்க" என்றார் தணிகாசலம்.

ரெஜினா அவர் பக்கம் திரும்பினார்.

"விசேஷ வீட்டுல அவ கதவுல இடிச்சுக்கிட்டேன்னு சொன்னப்போ நான் பக்கத்துலதான் நின்னேன். 'இவளுக்கு எப்பவும் அவசரம்'னு சொன்னேன், மாஸ்டர். சிரிச்சுக்கிட்டே சொன்னேன். அவளும் என்கூடச் சிரிச்சா."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். கையிலிருந்த கார் சாவி ஈரமாகியிருந்தது. அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. மங்கை இந்நேரம் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பாள்.

குனிந்து காலடியில் இருந்த அந்த இரண்டு பெடல்களையும் பார்த்தார். ரப்பர் தேய்ந்து வழவழவென்று இருந்தது.

"இத்தனை நாளா அந்த வேலையை நீங்கதான் செஞ்சிருக்கீங்க."

"இந்த வண்டியில நான் செஞ்சேன் சார்" என்றார் ரெஜினா. "வீட்ல யார் செய்யறாங்கன்னு எனக்குத் தெரியாது."