இலவமரத்துக் கொடி

ஓடைக்கரை இலவமரத்தடியில் முயல்கள் வளை தோண்டிக் குடியிருந்தன. எதிர்க்கரையில் ஓநாய்கள். ஓடையைத் தாண்ட ஓநாய்க்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஆனாலும் தாண்டவில்லை. காரணம், இலவமரத்தில் தொங்கிய மலைத்தேனீக் கூடு!

கூடு இருந்த கிளையில் முயல்கள் ஒரு கொடியைக் கட்டி, நுனியை வளை வாசலில் விட்டிருந்தன. இழுத்தால் கூடு கலையும். தேனீக்கு ஓநாய் என்ன, முயல் என்ன? இரண்டு கரையிலும் ஓர் உயிரும் மிஞ்சாது.

முயல்களின் தலைவி வெள்ளச்சி ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தாள். "நாமாக முதலில் இழுக்கக் கூடாது. அவர்கள் கரையேறினால் இழுக்காமல் விடக் கூடாது!" ஓநாய்களுக்கும் கேட்கட்டும் என்று இதை உரக்கவே சொல்வாள். இரண்டு முயல்கள் சேர்ந்து இழுத்தால்தான் கொடி அசையும். ஒருவர் புத்தி தடுமாறினாலும் மற்றவர் தடுக்கலாமே!

ஒருநாள் மத்தியானம் வெள்ளச்சியும் துடுக்கன் என்ற முயலும் காவல் இருந்தார்கள். நாணல் சலசலத்தது.

"ஐயோ, ஓநாய்! இழு அக்கா, இழு!" என்று அலறினான் துடுக்கன்.

"கண்ணால் பார்த்தாயா?"

"பார்த்துக்கொண்டே இருந்தால் குட்டிகள் போய்விடும்!"

"பார்க்காமல் இழுத்தால் மட்டும் பிழைக்குமா? பொறு!"

நாணல் விலகியது. தண்ணீர் குடிக்க வந்த எருமை! துடுக்கன் முகத்தில் ஈயாடவில்லை.

எதிர்க்கரையில் ஓநாய்த் தலைவன் இதைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "இவர்களாவது, இழுப்பதாவது! எல்லாம் பூச்சாண்டி!" ஓடையில் இறங்கி நடந்தான்.

வெள்ளச்சி எழுந்து நின்றாள்.

"ஓநாயாரே! என் குட்டிகள் இந்த மரத்தடியில்தான் இருக்கின்றன. இழுத்தால் முதல் கொட்டு அவற்றுக்குத்தான். தெரிந்தேதான் சொல்கிறேன். கரையில் கால் வைத்தால் இழுப்போம்!"

"அடி போடி!" என்றான் ஓநாய்த் தலைவன்.

வெள்ளச்சி குனிந்தாள். கொடியைப் பல்லால் கவ்வினாள். துடுக்கனும் கவ்வினான். கொடி விறைத்தது. மேலே தேனீக்கள் இரையத் தொடங்கின.

கரையேறத் தூக்கிய காலோடு ஓநாய் அவளைப் பார்த்தான். அவள் கண்ணில் தண்ணீர் வழிந்தது. பல் மட்டும் தளரவில்லை. தன் கரையைத் திரும்பிப் பார்த்தான். அங்கே அவனுடைய குட்டிகள் மண்ணில் புரண்டு விளையாடிக்கொண்டிருந்தன. தூக்கிய காலைத் தண்ணீரிலேயே வைத்து, வந்த வழியே திரும்பிப் போனான்.

"அக்கா, நிஜமாகவே இழுத்திருப்பாயா?" என்று கேட்டான் துடுக்கன்.

"இழுத்திருப்பேன்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அது அவனுக்குப் புரிந்தது. அதனால்தான் என் குட்டிகள் உயிரோடு இருக்கின்றன." கொடியை மெல்லத் தளர்த்திவிட்டு, குட்டிகளுக்குப் பால் கொடுக்க வளைக்குள் போனாள்.

முந்திக்கொண்டு அடிக்காத நிதானமும், எல்லை மீறினால் பின்வாங்காத உறுதியும் சேர்ந்திருந்தால்தான் ஆயுதம் காவலாகும். இரண்டில் ஒன்று போனாலும் அந்த ஆயுதமே நமக்கு எமனாகிவிடும்.