ஆவுடையப்பனின் நாற்பது கொசுக்கள்

பொட்டல்குளம் கல்லூரியில் விலங்கியல் மூன்றாம் ஆண்டில் ஆவுடையப்பன், கொம்பையா, இசக்கிராஜ் என்று மூன்று மேதைகள் இருந்தார்கள். மூவரில் ஆவுடையப்பனுக்கு மட்டும் டாக்டராகும் ஆசை. அவன் அம்மா தெருவில் இருபத்திரண்டு வீட்டுக்கும் செய்தி சொல்லிவிட்டாள். பதினான்கு பேர் மூட்டுவலியோடு காத்திருந்தார்கள். படிப்பு ஒன்றுதான் பாக்கி.

கடல் தாண்டிய ஒரு மருத்துவக் கல்லூரியின் விண்ணப்பத்தில், 'பட்டப்படிப்பிலேயே ஆராய்ச்சி அனுபவம் பெற்றவர்களுக்கு முன்னுரிமை. பேராசிரியரின் கடிதம் இணைக்கவும்' என்று இருந்தது. கடைசி நாளுக்கு இன்னும் பதினாறு நாள்.

பேராசிரியை மரகதவடிவு இரக்க குணம் உள்ளவர். வேறு குறை அவரிடம் இல்லை. ஆவுடையப்பன் கெஞ்சியதும் நாற்பது கொசுப்புழுக்களை எண்ணிக் கொடுத்தார்.

"நொச்சிச் சாறு இதுகளைக் கொல்லுமான்னு பாருங்க. இருபதைச் சாறு கலந்த தண்ணியில விடுங்க. மத்த இருபதுக்கு ஒண்ணும் செய்யாதீங்க."

மற்ற இருபதுக்கு அவர்கள் ஒன்றுமே செய்யவில்லை. தண்ணீர்கூட ஊற்றவில்லை.

மறுநாள் அந்த இருபதும் கிண்ணத்தில் காய்ந்து கிடந்தன. சாற்றில் செத்தவை ஏழுதான். ஆவுடையப்பன் பார்த்தான், யோசித்தான், முடிவை எழுதினான்: 'நொச்சிச் சாறு பதின்மூன்று உயிர்களைக் காப்பாற்றியது.'

பேராசிரியை அதைப் படித்துவிட்டு ஒரு செம்பு தண்ணீர் குடித்தார். வேறு நாற்பது புழு கொடுத்தார்.

"ரெண்டு கிண்ணமும் எல்லா விதத்துலயும் ஒண்ணுபோல இருக்கணும்ப்பா. சாறு மட்டும்தான் வித்தியாசம்."

இந்த முறை தண்ணீர் ஊற்றினார்கள். மூன்றாம் நாள் சாற்றில் பதினெட்டு செத்திருந்தன. வெறும் தண்ணீரில் இரண்டு. மூவரும் கவலையோடு கூடிப் பேசினார்கள்.

"எல்லா விதத்துலயும் ஒண்ணுபோலன்னாங்கல்லா? பதினாறு இடிக்குதேலே," என்றான் கொம்பையா.

"செத்ததுகள எழுப்பிருவமா?" என்றான் இசக்கிராஜ்.

"அதுக்கு டாக்டர் வேணும். நான் இன்னும் சேரவே இல்லையேலே," என்றான் ஆவுடையப்பன்.

ஆகவே வெறும் தண்ணீர்க் கிண்ணத்தில் பதினாறைக் கரண்டியால் நசுக்கினார்கள். பதினெட்டுக்குப் பதினெட்டு. கணக்கு கச்சிதம்.

பேராசிரியை அரைமணி நேரம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு தாமே ஒரு தொட்டியில் நல்ல தண்ணீர் ஊற்றி, நாற்பது புழுவை விட்டார். கொசு பறந்துவிடாமல் மூட ஒரு வலையும் பக்கத்தில் வைத்தார்.

"எப்படி வளருதுன்னு பாருங்க. போதும். எதையும் தொடாதீங்க."

அவர்கள் எதையும் தொடவில்லை. வலையையும் தொடவில்லை. முறைவைத்துக் கண் இமைக்காமல் பார்த்தார்கள். எட்டாம் நாள் நாற்பதும் சிறகு முளைத்து, ஜன்னல் வழியே போவதையும் பார்த்தார்கள்.

"போகும்போது தடுக்க வேண்டாமா?" என்று கத்தினார் பேராசிரியை.

"தொட்டாத்தான மேடம் தடுக்க முடியும்?" என்றான் ஆவுடையப்பன்.

"அந்த நாற்பதையும் கொண்டுவந்து காட்டு. அதுக்கப்புறம்தான் கையெழுத்து!"

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் ஆவுடையப்பன் சொன்ன சொல்லைத் தட்டாதவன்.

கடைசி நாள். மாலை ஐந்து மணிக்குள் விண்ணப்பம் இணையத்தில் போய்ச் சேர வேண்டும். நாலரை மணிக்கு மூவரும் பேராசிரியையின் அறைக்குள் நுழைந்தார்கள். காலையிலிருந்து விடுதிச் சாக்கடையோரம் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்ததில் உடம்பு முழுக்கத் தடிப்பு. ஆவுடையப்பன் கையில் ஒரு பாட்டில்.

"நாற்பத்தொண்ணு இருக்கு மேடம். ஒரு வெளியாள் உள்ள வந்துட்டான்."

"எதுன்னு தெரியுமா?" என்று கேட்டுவிட்டார் அவர், வாய் தவறி.

"தெரியல. வெளியாள ஆராய்ச்சியில சேர்த்தா அது பொய்யாயிரும்லா? முதல்லருந்து பிடிச்சிருதோம்."

ஆராய்ச்சிக்கு நேர்மை முக்கியம். அங்கேயே பாட்டிலைத் திறந்துவிட்டான். மூவரும் ஒன்றிலிருந்து எண்ணிப் பிடிக்க ஆரம்பித்தார்கள்.

ஐந்து நிமிடத்தில் பேராசிரியையின் கழுத்தில் ஆறு, கையில் நான்கு தடிப்புகள். ஒரு கையால் சொறிந்துகொண்டே மறுகையால் கடிதம் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தி நீட்டினார்.

"இந்தா! இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. உடனே அனுப்பு. தயவுசெய்து போ!"

ஆவுடையப்பன் கடிதத்தை இரண்டு முறை படித்தான். கண் கலங்கியது. பிறகு அதைக் கசங்காமல் மேஜைமேலேயே வைத்தான்.

"நாற்பதையும் காட்டினப்புறம்தான மேடம் கையெழுத்து? இப்ப பதினாறுதான் பிடிச்சிருக்கோம். கொஞ்சம் கதவைச் சாத்துங்க, பதினேழாவது வெளிய போகப் பாக்குது."