அமலி எழுதிக் கொடுத்த காகிதம்

கதையைக் கேட்டுவிட்டு, கடைசியில் நான் கேட்பதற்கு நிதானமாகப் பதில் சொன்னால் போதும். இந்த வழக்கே அவசரமில்லாமல் இரண்டு வருடம் நடந்தது.

தூத்துக்குடியில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் அமலி. ‘கண்ணாடியை மட்டும் நம்பாதே, கழுத்தைத் திருப்பிப் பார்’ என்பது அவள் நாளுக்கு நூறு தடவை சொல்லும் பாடம். ஒரு வியாழக்கிழமை காலையில், சிக்னலில் நின்றிருந்த அவள் காரை இன்னொரு கார் பின்னாலிருந்து இடித்தது. இடித்தவர் வெங்காய மண்டி வைத்திருக்கும் கோமதிநாயகம். அவர் இறங்கி ஓடி வந்தார்.

“தங்கச்சி, வர்ற புதன்கிழமை என் மவளுக்குக் கல்யாணம். ஸ்டேஷன், கேசுன்னு போனா எல்லாம் நின்னுரும்” என்றார்.

அமலிக்கு அப்போது வலி எதுவும் இல்லை. அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. “சரி அண்ணாச்சி, எழுதித் தாரேன்” என்று, வகுப்பு நேரம் குறிக்கும் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். ‘எனக்குக் காயம் இல்லை. இவர் மேல் புகார் கொடுக்க மாட்டேன்’ என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள்.

சனிக்கிழமை காலை எழுந்தால் கழுத்து திரும்பவில்லை. இடித்த வேகத்தில் தலை முன்னும் பின்னும் வெட்டி ஆடியதன் பலன் இரண்டு நாள் கழித்து வந்து சேர்ந்தது. வீட்டில் யாருக்கும் அது தோன்றவில்லை. கழுத்துப் பிடித்தால் தலையணையை வெயிலில் போட வேண்டும் என்பது நம் ஊர் மருத்துவம். அமலியின் கணவன் அந்தோணி இரண்டு நாள் தலையணையை மொட்டை மாடியில் காயப்போட்டான். தலையணை நன்றாகக் காய்ந்தது. திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

டாக்டர் கழுத்துக்குப் பட்டை மாட்டி, வண்டியில் ஏறவே கூடாது என்றார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும். ஸ்கூல் முதலாளி ஒரு வாரம்கூடப் பொறுக்கவில்லை. “திரும்பிப் பாக்க முடியாத டீச்சர வச்சு என்ன செய்ய?” என்று வேறொருத்தியை வேலைக்கு எடுத்துக்கொண்டார். அமலிக்குக் கோபப்படக்கூட வழியில்லை. அது அவள் சொல்லிக்கொடுத்த பாடம்தான்.

இடித்த காரின் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் இழப்பீடு கேட்கலாம், ஆனால் முதலில் போலீசில் புகார் வேண்டும் என்றார் வக்கீல் இசக்கிராஜ். கொடுத்த வாக்கு குறுக்கே நின்றது. கல்யாணம் முடியட்டும் என்று காத்திருந்து, புகார் கொடுக்க அவர் சம்மதத்தைக் கேட்க வெள்ளிக்கிழமை கோமதிநாயகத்தின் வீட்டுக்குப் போனாள். அங்கே மறுவீட்டு விருந்து நடந்துகொண்டிருந்தது. வந்தவளை உட்காரவைத்து இலை போட்டார்கள். கழுத்துப் பட்டையோடு குனிந்து இலையைப் பார்க்க முடியாமல், சோற்றைக் கையால் தடவித் தடவிச் சாப்பிட்டாள். பாயசம் ஊற்ற வந்த கோமதிநாயகம் அதைப் பார்த்தார். கேட்க வந்ததைக் கேட்காமலே அமலி திரும்பினாள்.

மறுநாள் அவரிடமிருந்து போன் வந்தது. “நீ குடுத்த வார்த்தைய நீ மீற வேண்டாம் தாயி. நானே ஸ்டேஷனுக்குப் போயி, நான்தான் இடிச்சேன்னு எழுதிக் குடுத்துட்டேன்.”

அதுதான் கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையானது. கோமதிநாயகம் வெள்ளந்தி மனிதர். தன் காரைப் பழுதுபார்க்க வேண்டிக் கம்பெனிக்குக் கொடுத்த காகிதங்களோடு, அமலி எழுதியதையும் முதல் வாரமே சேர்த்துக் கொடுத்திருந்தார். இழப்பீட்டு வழக்கு நடந்தபோது அதைக் கம்பெனி வக்கீல் கோர்ட்டில் தூக்கிக் காட்டினார்.

“காயம் இல்லை என்று இந்த அம்மாளே எழுதியிருக்கிறார். ஆஸ்பத்திரிச் சீட்டு ஐந்தாம் நாள் வாங்கியது. இடித்தவர் தானாகவே போய் ஒப்புக்கொள்கிறார். இப்படி எங்காவது உண்டா? கார் இடித்ததே இருவரும் பேசிவைத்துப் போட்ட நாடகம்” என்றார்.

கோர்ட் வராந்தாவில் இசக்கிராஜ் அமலியின் காதோரம் வந்தார். “மிரட்டி எழுதி வாங்குனாருன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. காகிதம் செல்லாமப் போயிரும்.”

இரண்டு வருட வாய்தா அவளை அரைத்து எடுத்திருந்தது. அந்த வராந்தா பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்தாலே பட்டையைத் தேட வேண்டியிருந்தது. எப்படியாவது முடிந்தால் சரி என்றிருந்தாள். அந்த ஒரு வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

கூண்டில் நின்றபோது நீதிபதி கேட்டார்: “இதை யாராவது மிரட்டி எழுதச் சொன்னார்களா?”

பின்வரிசையில் கோமதிநாயகம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கழுத்து திரும்பாததால், அமலி உடம்பையே திருப்பி அவரைப் பார்த்தாள்.

“இல்லைங்கய்யா. நானாத்தான் எழுதுனேன். அன்னிக்கு வலிக்கல, அப்படி எழுதுனேன். இப்ப வலிக்குது, அதையும் சொல்றேன்.”

இசக்கிராஜ் தலையில் கை வைத்துக்கொண்டார்.

காகிதம் வழக்கைக் கெடுத்தது, அதை மறுத்திருக்க வேண்டும் என்கிறார் அவள் வக்கீல். வழக்கே பொய் என்பதற்குக் காகிதம்தான் சாட்சி என்கிறார் கம்பெனி வக்கீல். எழுதியது நான்தான் என்கிறாள் அமலி. நீதிபதியின் நாற்காலியில் நீங்கள் இருந்தால், அந்தக் காகிதத்தை யார் பக்கம் வைப்பீர்கள்? ஏன்?

விடை: அமலியின் பக்கம். பேசிவைத்து இடித்தவர்கள் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடிச் சீட்டு வாங்கியிருப்பார்கள். தங்கள் வழக்கைக் கவிழ்க்கும் காகிதத்தைத் தேதி போட்டு எழுதி, கம்பெனியின் கையிலேயே கொடுத்திருக்க மாட்டார்கள். இந்த வகைக் கழுத்துக் காயம் இரண்டு நாள் கழித்து வலிப்பது உண்டு என்று டாக்டரும் கோர்ட்டில் சொன்னார். மிரட்டி வாங்கியது என்று சொல்லியிருந்தால், நாடகம் இல்லை என்பதற்கிருந்த ஒரே சாட்சியை அமலியே கிழித்துப் போட்டிருப்பாள். நீதிபதியும் அப்படித்தான் தீர்ப்பு எழுதினார். தீர்ப்பைக் கேட்டுவிட்டு வெளியே வந்த அமலி, தொகை எவ்வளவு என்று விசாரிக்கவில்லை. அந்தோணியிடம் ஒன்று மட்டும் கேட்டாள்: “இனிமே இங்க வர வேண்டாம்லா?”