நாற்பத்தெட்டு நாள் காலிக் கருவறை

முன்னொரு காலத்தில் கொன்றைநாட்டைச் சண்டப்பிரதாபன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். ஆண்டுவந்தான் என்பது மரியாதைக்குச் சொல்வது. அவன் காடைச் சண்டை விட்டுக்கொண்டிருந்தான். நாட்டை மந்திரி அறவாழி பார்த்துக்கொண்டார். ராஜகுரு சர்வஞான சாகரருக்கு இது பொறுக்கவில்லை. அவரிடம் ஞானம் சொட்டுக்கூட இல்லை. சாகரம் அளவுக்கு இருந்தது பொறாமைதான்.

ஒருமுறை அரண்மனைக் கோயில் விமானம் விரிசல் விட்டது. திருப்பணி நடக்கும்போது சாமி கருவறையில் இருக்கக்கூடாது என்பது வழக்கம். மந்திரம் சொல்லிச் சாமியை ஒரு கும்பத்து நீரில் எழுந்தருளச் செய்து, நூல் சுற்றி, மாவிலையும் தேங்காயும் வைத்து, பக்கத்தில் கீற்றுக் கொட்டகை போட்டு அதில் வைத்தார்கள். வேலை முடிந்து, குடமுழுக்கன்று அந்த நீரைச் சிலைமேல் ஊற்றினால்தான் சாமி வீடு திரும்பியதாக அர்த்தம். அதுவரை உள்ளே இருப்பது வெறும் கல்.

குடமுழுக்கு நாளும் வந்தது. அன்று மத்தியானம் ராஜாவின் காடைக்குப் பெரிய சண்டை இருந்தது.

"சீக்கிரம் ஆகட்டும், குருவே. காடை காத்திருக்கிறது" என்று ராஜா விரட்டினான்.

கடவுளைக் காக்கவைக்கலாம், காடையைக் காக்கவைக்கலாமா? பேர் தனக்கே வரவேண்டும் என்று அர்ச்சகர்களைத் தள்ளிவிட்டு, குரு கொட்டகையின் ஓமப் புகைக்குள் பாய்ந்தார். கைக்கு அகப்பட்ட குடத்தைத் தூக்கினார், ஓடினார், ஊற்றினார். ராஜா கன்னத்தில் போட்டுக்கொண்டு சண்டைக்குப் போய்விட்டான்.

மறுநாளிலிருந்து கருவறையில் சாமி தன்னோடு பேசுவதாகக் குரு சொல்ல ஆரம்பித்தார். முதல் வாரம், ராஜகுருவின் ஆசனத்தை இரண்டு முழம் உயர்த்தச் சொன்னாராம். அடுத்த வாரம், அறவாழியைக் கடைசி வரிசையில் நிற்கவைக்கச் சொன்னாராம். இத்தனை உயரத்திலிருப்பவருக்கு ஆசனத்தின் உயரம்தான் கவலை! ராஜாவும் தட்டாமல் எல்லாவற்றையும் செய்தான்.

நாற்பத்தெட்டாம் நாள் மண்டல பூஜை. அன்று காலை கோயிலுக்குப் பூக்கட்டும் மருக்கொழுந்தைக் காவலர்கள் சபைக்கு இழுத்து வந்தார்கள்.

"மன்னா, இந்தத் துஷ்டை தினமும் ஒரு மாலையைக் காலிக் கொட்டகையில் கொண்டுபோய்ச் சாத்துகிறாள். கேட்டால், சாமி கருவறையில் இல்லை என்கிறாள். தெய்வ நிந்தனை. மொட்டையடித்து, கழுதைமேல் ஏற்றி, பொழுது சாய்வதற்குள் நாடு கடத்த வேண்டும்" என்றார் குரு.

"அப்படியே ஆகட்டும்" என்றான் ராஜா. அவன் யோசிக்கிற ஆழம் அவ்வளவுதான்.

மருக்கொழுந்து கையெடுத்துக் கும்பிட்டாள். "ராசா, வீட்ல வயசுக்கு வந்த பொண்ணு ரெண்டு இருக்கு. என்னை விரட்டினா அதுங்க தெருவுல நிக்கும். நான் பொய் சொல்லல. நூல் சுத்துன கும்பம் வெச்ச இடத்துலயே இருக்குது. குருசாமி தூக்கிட்டு ஓடினது கொட்டகை வாசல்ல கால் கழுவ வெச்சிருந்த குடத்தை. அன்னிக்கே சொன்னேன். யாரும் காதுல போட்டுக்கல."

"புகையில் உனக்கு என்னடி தெரிந்தது?" என்று சீறினார் குரு. "கருவறையில் கால் வைத்ததும் எனக்குப் புல்லரிக்கிறது. சாமி இருக்கிற இடம் எனக்குத் தெரியாதா?"

கடைசி வரிசையிலிருந்து அறவாழி முன்னே வந்தார். மனிதருக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியிருந்தது. குரலில் மட்டும் காட்டவில்லை.

"குரு சொன்னால் சரியாகத்தான் இருக்கும், மன்னா. கொட்டகையில் இருப்பது வெறும் பச்சைத்தண்ணீர் என்றுதானே அவர் சொன்னதற்கு அர்த்தம். தண்டனையை உடனே நிறைவேற்றலாம். அதற்கு முன்னால் ஒரு சின்ன மரியாதை. மண்டல பூஜைக்குப் போகிற பெரியவருக்குக் கால் கழுவிவிட வேண்டும் அல்லவா? நானே செய்கிறேன்."

அவர் கைகாட்டியதும் இரண்டு காவலர்கள் கொட்டகையிலிருந்து அந்தக் கும்பத்தைத் தூக்கி வந்தார்கள். நூல் அப்படியே இருந்தது, மாவிலை சருகாகியிருந்தது. அறவாழி தேங்காயை எடுத்து ஓரமாக வைத்தார். கும்பத்தைக் கையிலெடுத்து மண்டியிட்டார்.

"காலை நீட்டுங்கள், குருவே."

குரு நீட்டினார். நீட்டாமல் என்ன செய்வார்? சபையே பார்த்துக்கொண்டிருந்தது. அறவாழி கும்பத்தை மெல்லச் சாய்த்தார். நீர் விளிம்புக்கு வந்ததும் குரு வெந்நீர் பட்டவர்போல் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"ஏன், குருவே? வெறும் தண்ணீர்தானே?"

"அது... எதற்கும் ஒரு..."

"எதற்கும் என்றால்? சாமி இதில் இருக்கலாம் என்றா? புல்லரிக்கிற உடம்புக்கு அதுகூடத் தெரியவில்லையா?"

குருவின் வாய் நாற்பத்தெட்டு நாள் புளுகியது. கால் ஒரு நொடிகூடப் புளுகவில்லை.

"புகையில்... சரியாகத் தெரியவில்லை" என்று முனகினார்.

"அப்படியானால் ஆசனத்தை உயர்த்தச் சொன்னது யார்?" என்று கேட்டார் அறவாழி.

ராஜாவின் முகம் சுண்டிப்போயிற்று. "மந்திரி, இத்தனை நாளும் நான் கும்பிட்டது?"

"கல்லை, மன்னா. நீங்களும் கும்பிட்டீர்கள், நானும் கும்பிட்டேன். மேளம் கொட்டினோம், பொங்கல் வாங்கித் தின்றோம். சாமி இல்லை என்று நம்மில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. இவள் ஒருத்திதான் அவரைத் தனியே விடாமல் பூ வைத்தாள்."

அன்றே அர்ச்சகர்கள் முறைப்படி கும்பத்து நீரைச் சிலைமேல் ஊற்றினார்கள். குருவின் ஆசனம் அடுப்புக்குப் போயிற்று. அவரைக் கோயில் வாசலில் நிறுத்தி, அதே குடத்தைக் கையில் கொடுத்து, வருகிறவர்களுக்கெல்லாம் கால் கழுவத் தண்ணீர் ஊற்றச் சொன்னான் ராஜா.

பிறகு மருக்கொழுந்தைப் பார்த்து, "உனக்கு என்ன வேண்டும், கேள்" என்றான்.

அவள் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு ஒண்ணும் வேணாம், ராசா. இனிமே சாமி காரியம் இருக்கிற அன்னிக்குக் காடைச் சண்டையை மறுநாளைக்கு வெச்சுக்கங்க."

குனிந்த தலையோடு ராஜா கோயிலுக்குப் போனான். வாசலில் குரு தண்ணீர் ஊற்றினார். ராஜா காலைக் கழுவிக்கொண்டு உள்ளே நுழைந்தான். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.