தவசி கல்யாணத்தில் குறுக்கிட்ட ஆகாயக் கல்

கொட்டாங்குளத்துக்காரர்களுக்குப் புத்தி இல்லை என்று சொல்வது அபாண்டம். எல்லோருக்கும் இருக்கிறது. தேய்ந்துவிடும் என்று யாரும் வெளியே எடுப்பதில்லை, அவ்வளவுதான். ஊர்ப் பெயரில்தான் குளம் இருக்கிறதே தவிர, ஊருக்குள் குடிக்கக்கூடத் தண்ணீர் கிடையாது.

அங்கே ஒரு வழக்கம். ஊர்ப் பெயர் வெட்டிய எல்லைக்கல்லை மாப்பிள்ளை ஒரு சுற்றுச் சுற்றி வந்த பிறகுதான் தாலி கட்டலாம். தவசியும் அப்படியே சுற்றிவிட்டு வந்து மணையில் உட்கார்ந்தான். பக்கத்தில் வடிவு, தலை குனிந்தபடி. அந்த நேரம் பார்த்துத்தானா பூங்கோதையிடமிருந்து போன் வரவேண்டும்!

பூங்கோதை அந்த ஊரில் பிறந்து, எப்படியோ தப்பித்து ஓடி, வானத்தை ஆராய்கிற வேலையில் சேர்ந்தவள். செவ்வாய்க்கு அப்பால் சுற்றுகிற சின்னப் பாறைக்கோள் ஒன்றைக் கண்டுபிடித்து, பிறந்த ஊர்ப் பாசத்தில் அதற்குக் 'கொட்டாங்குளம்' என்று பெயர் வாங்கியிருந்தாள். எந்த ஊர் மேல் பாசம் வைப்பது என்று ஒரு விவஸ்தை வேண்டாமா?

"வானத்துல ஒரு கல்லுக்கு நம்ம ஊர்ப் பேரு!" என்று தலைவர் தொப்புளான் கூவினார். பந்தலே கைதட்டியது. சடையப்பன் மட்டும் தட்டவில்லை. ஊரில் யோசிக்கிற ஆள் அவர் ஒருவர்தான். ஊர் உருப்படாததற்கு அதுவும் ஒரு காரணம்.

"ஊர்ப் பேர் உள்ள கல்லை மாப்பிள்ளை சுத்தணும். இப்பக் கல்லு ரெண்டாச்சு. தவசி ஒண்ணைத்தானே சுத்தியிருக்கான்?"

மேளம் நின்றது.

"ஓடிப்போய் ஒரு சுத்து சுத்திட்டு வந்துரு தவசி," என்றார் தலைவர்.

தவசி அண்ணாந்து பார்த்தான். "நம்மகிட்ட இருக்கற ஏணி பத்தாது மாமா."

வடிவின் முகம் சுண்டிப்போனது. தலைவர் பூங்கோதையிடமே வழி கேட்டார்.

"அங்கெல்லாம் போக முடியாது மாமா! அது சூரியனைச் சுத்துது. பூமி அதுக்கு உள்பக்கம் இருக்கு. நீங்க சும்மா உட்கார்ந்திருந்தாலே அது உங்களையும் சேர்த்துத்தான் சுத்தி வரும், சுத்துக்கு மூணரை வருஷம். பேசாம கல்யாணத்தை முடிங்க!"

கல்யாணத்தை முடிக்கச் சொன்னதைக் காற்றில் விட்டார்கள். சும்மா உட்காரச் சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். கல் சுற்றி முடிக்கிறவரை தவசி மணையை விட்டு எழக்கூடாது என்று தீர்மானமாயிற்று. சாப்பாடு மணைக்கே வந்தது. மழை வந்தால் குடை பிடித்தார்கள். தவசி பருத்துப் பருத்து, அடியில் மணை இருப்பதே தெரியாமல் போயிற்று. வடிவு தினமும் வந்து எட்டிப் பார்ப்பாள், பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிப் போவாள்.

ஒருவழியாகச் சுற்று முடிந்தது. மறுபடி மேளம் கொட்டியது. தவசி தாலியைக் கையில் எடுத்தான். சடையப்பன் தொண்டையைச் செருமினார்.

"ஒரு சந்தேகம். சுத்தறவன்தானே மாப்பிள்ளை?"

"ஆமா," என்றார் தலைவர்.

"இப்பச் சுத்தினது யாரு?"

"கல்லு."

"அப்ப மாப்பிள்ளை யாரு?"

பந்தலில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் விளங்கியது. "நான் உட்கார்ந்தே இருந்தேனே!" என்று தவசி கத்தினான். "அதைத்தாம்ப்பா நாங்களும் சொல்றோம்," என்றார் சடையப்பன்.

எல்லோரும் வடிவைப் பார்த்தார்கள்.

"எனக்குச் சம்மதம்," என்றாள் வடிவு. "அதாச்சும் நகருது."

தலைவர் உடனே போனை எடுத்தார். "மாப்பிள்ளையைக் கொஞ்சம் இறங்கி வரச் சொல்லும்மா."

"ஐயோ மாமா! அது மட்டும் இறங்கிச்சுன்னா ஊர் இருக்கற இடத்துல பெரிய பள்ளம்தான் இருக்கும்!" என்று பூங்கோதை அலறினாள்.

தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. பந்தலைப் பார்த்துச் சொன்னார்: "மாப்பிள்ளை வர்ற அன்னைக்கே நமக்கு ஏரி வெட்டித் தர்றாராம்! இந்தத் தவசி இத்தனை வருஷத்துல ஒரு பாத்தி வெட்டியிருப்பானா?"

இப்போது ஊரே பொட்டல்வெளியில் மேளதாளத்தோடு நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. வடிவு ஆரத்தித் தட்டோடு முன்னால் நிற்கிறாள். மாப்பிள்ளை இடம் தவறி இறங்கிவிடக் கூடாதல்லவா? அதற்கு அடையாளமாக, பொட்டலின் நட்டநடுவில் தவசியை உட்கார வைத்திருக்கிறார்கள். உட்கார்ந்து பழகின ஆள்.