நாற்பத்து மூன்று குறுக்குவழிகள்

"டீச்சர், இன்னும் எதை மாத்தணும்?" என்று கேட்டார் நல்லபெருமாள்.

சலோமி டீச்சர் நிமிரவில்லை. ஒரு பிரிண்டருக்குள் கையை விட்டு, சிக்கிக்கொண்ட காகிதத்தைத் துண்டு துண்டாக எடுத்துக்கொண்டிருந்தார்.

பாளையங்கோட்டையில் ஒரு மாடிப்படி ஏறினால் முதல் கதவு அவருடைய கடை. பகலில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பார். சாயங்காலம் வகுப்பு. டீச்சருக்கு வயது முப்பத்தாறு, நல்லபெருமாளுக்கு ஐம்பத்தொன்று. ஆனாலும் மவுஸ் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த ஆள் என்று, ஒன்பது வருஷமாக அவர் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்.

இன்று செருப்போடு வந்துவிட்டார். கையில் கம்ப்யூட்டர் பெட்டி. துண்டில் சுற்றி, ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

"என்ன அண்ணாச்சி, மறுபடியும் ஸ்லோவா இருக்கா?"

"ஸ்லோவா? நீங்க வேற. பட்டனை அமுக்குனா கண்ணை மூடித் திறக்கதுக்குள்ள வந்துரும்."

"பெறவு என்ன?"

"வீட்டுல பேச மாட்டக்கா."

டீச்சர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

நடந்தது இதுதான்.

நல்லபெருமாளின் மனைவி சண்முகவடிவு, ராதாபுரம் பக்கம் ஒரு ஆரம்பப் பள்ளியில் ஆசிரியை. ரெண்டு பஸ் மாறிப் போகவேண்டும். பதினோரு வருஷமாகப் போகிறாள். முழங்கால் தேய்ந்துவிட்டது. இந்த வருஷம் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு இடம் காலி என்று தெரிந்து, மாறுதலுக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தாள். கடைசி நாள், சாயங்காலம் ஐந்து மணி வரை நேரம். அவளுடைய சான்றிதழ்கள் எல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் இருந்தன. நல்லபெருமாள் அன்றைக்கு அலுவலகப் பயிற்சிக்காக மதுரையில் இருந்தார். அங்கே போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள்.

வடிவு கம்ப்யூட்டரைத் திறந்தாள். திரையில் ஒன்றுமே இல்லை. வெறும் சாம்பல் நிறம்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் நல்லபெருமாளுக்கு ஒரு சாஃப்ட்வேர் கிடைத்தது. கம்ப்யூட்டரின் எந்த மூலையையும் நம் வசதிக்கு மாற்றிக்கொள்ள உதவுவது. மனுஷன் அதில் விழுந்தவர்தான், எழுந்திருக்கவே இல்லை. ஐகான்களை மறைத்தார். கீழே இருந்த பட்டையை மறைத்தார். மூடும் பொத்தானை இடது பக்கம் கொண்டுபோனார். எல்லாவற்றுக்கும் விசைகளை வைத்தார்.

மூன்று மணி நேரம் வடிவு அந்தச் சாம்பல் நிறத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். மணி ஐந்து ஆனது. எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

அது நடந்து மூன்று வாரம் ஆகிறது.

"இப்ப விடுபட்டவங்களுக்குன்னு திங்கக்கெழம ஒரு நாள் குடுத்திருக்காங்க டீச்சர். இதையும் விட்டா இன்னும் ஒரு வருஷம் பஸ்ஸுதான். அதான் அவளுக்குச் சுலபமா இருக்கட்டும்னு இதைச் செஞ்சேன்."

பையிலிருந்து நாலு அட்டைகளை எடுத்தார். லேமினேட் செய்தவை. நாற்பத்து மூன்று குறுக்குவழிகள், எண் போட்டு, சிவப்பிலும் நீலத்திலும். எந்த விசையோடு எந்த விசையை அமுக்கினால் எது வரும் என்று.

டீச்சர் நாலையும் பொறுமையாகப் படித்தார்.

"இதைப் பாத்துட்டு அக்கா என்ன சொன்னாங்க?"

"'காயப் போட்ட துணிய எடுக்கணும்'னு எந்திரிச்சுப் போயிட்டா."

டீச்சர் பெட்டியை வாங்கி, தன் மேசைத் திரையோடு இணைத்து உயிர் கொடுத்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். மவுஸை இங்கே தள்ளினார், அங்கே தள்ளினார்.

"எல்லாம் எங்க அண்ணாச்சி?"

நல்லபெருமாளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. கற்றுக்கொடுத்தவருக்கே தெரியவில்லையே! "உறுத்தாம மறைச்சு வச்சிருக்கேன். வலது பக்கம் மேல் மூலையில கொண்டுபோய் ரெண்டு செகண்ட் நிறுத்துங்க. ஆ, வந்துட்டுல்லா?"

"மூடுற பொத்தான் ஏன் இந்தப் பக்கம் இருக்கு?"

"கை அலைய வேண்டாம்லா. ஒவ்வொரு தடவையும் அரை செகண்ட் மிச்சம்."

"மிச்சமான நேரத்துல என்ன செஞ்சீங்க?"

"அடுத்ததை மாத்துனேன்."

டீச்சர் மவுஸை மேசை ஓரமாகத் தள்ளிவைத்தார்.

"சரி, இதை எப்படி அணைக்கணும்?"

"ரொம்ப ஈஸி டீச்சர். முப்பத்தெட்டாவது நம்பரைப் பாருங்க."

டீச்சர் அட்டையைப் பார்க்கவில்லை. குனிந்து, சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினார்.

"ஐயோ டீச்சர்! சேவ் பண்ணவே இல்லையே!"

"எதை?"

நல்லபெருமாள் யோசித்தார். கடைசியாக அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு கடிதமாவது எப்போது அடித்தோம் என்று நினைத்துப் பார்த்தார். போன தீபாவளிக்கும் முன்னால். அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது.

"இந்தப் பெட்டி யாருக்கு வாங்குனது அண்ணாச்சி?"

"வடிவுக்குத்தான். பிள்ளையளுக்கு வினாத்தாள் அடிக்கதுக்கு."

சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். காலில் செருப்பு இருந்தது. ஆனால் இப்போது கழற்றவும் தோன்றவில்லை.

டீச்சர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். காலையிலிருந்து அவர் ஒரு வாய் டீ குடிக்கவில்லை.

"அந்த சாஃப்ட்வேர்ல கடைசிப் பக்கத்துல ஒரு பட்டன் இருக்கு, பாத்திருக்கீங்களா?"

"எல்லாத்தையும் பழையபடி ஆக்குற பட்டன்தானே? தெரியும்."

"அமுக்கியிருக்கீங்களா?"

"அதை எதுக்கு டீச்சர் அமுக்கணும்? ரெண்டு வருஷ உழைப்பு."

டீச்சர் பெட்டியைத் துண்டில் சுற்றி அவர் கையில் கொடுத்தார்.

"நீங்களே அமுக்கணும். நாளைக்கு. வீட்டுல. அக்கா பக்கத்துல இருக்கணும்."

"வேற வழி இல்லையா? அவளுக்குன்னு தனியா ஒரு திரை செஞ்சு குடுத்தா? பச்சை கலர் அவளுக்குப் பிடிக்கும்."

டீச்சர் பிரிண்டர் பக்கம் திரும்பிவிட்டார்.

"இல்லாட்டி திங்கக்கெழம நானே லீவு போட்டு உட்கார்ந்து நிரப்பிக் குடுத்துருதேன். போதாதா டீச்சர்?"

பிரிண்டருக்குள் ஒரு காகிதம் கிழிகிற சத்தம் கேட்டது. நல்லபெருமாள் படியிறங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. வடிவு கட்டிலில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"வடிவு, கொஞ்சம் இங்க வாயேன்."

"எனக்கு முடியல. என்னன்னு அங்கேருந்தே சொல்லுங்க."

சாப்பாடு, தண்ணீர், பால்காரர் தவிர வேறு எதைப் பற்றியும் அவள் இவ்வளவு பேசி மூன்று வாரம் ஆகியிருந்தது.

"சொல்ல ஒண்ணுமில்ல. பாத்தாப் போதும்."

அவள் கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி வந்து நின்றாள்.

நல்லபெருமாள் கடைசிப் பக்கத்துக்குப் போனார். பொத்தானின் மேல் அம்பை வைத்தார். விரல் மட்டும் நகர மாட்டேன் என்றது. ரெண்டு வருஷம். எத்தனை விடுமுறை நாட்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஒரு கணம் வந்த அந்தத் திருப்தி, அடுத்த கணமே உறுத்திய இன்னொரு மூலை.

அமுக்கினார்.

திரை இருண்டது. பிறகு மெதுவாக விடிந்தது. கீழே தடித்த பட்டை வந்தது. மூடும் பொத்தான் வலது பக்கம் போனது. பின்னணியில் அவருக்குப் பிடிக்காத அந்த நீலப் படம். அதன் மேல் ஐகான்கள் ஒவ்வொன்றாக, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி இடித்துக்கொண்டு வந்து சேர்ந்தன. பார்க்கச் சகிக்கவில்லை. எல்லார் வீட்டுக் கம்ப்யூட்டர் மாதிரியும் இருந்தது.

இடது ஓரத்தில் ஒரு மஞ்சள் ஃபோல்டர். 'வடிவு சான்றிதழ்கள்' என்று பெயர்.

அவள் குனிந்து அதைப் படித்தாள்.

"இது இங்கனதான் இருந்துச்சா?"

"ஆமா."

"அன்னைக்கும்?"

"அன்னைக்கும்."

வடிவு முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

எழுந்து நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார். அவள் நுனியில் உட்கார்ந்தாள். கை மவுஸ் வரைக்கும் போனது. நின்றது. தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள்.

"நான் தொடலாமா?"